மடிக்கணினி துவங்கும்போது தானாகக் கிளம்பும் நிரல்கள்: சிக்கலைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

மடிக்கணினியில் கடவுச்சொல்லை இட்டு உள்ளே நுழைந்ததும், நாம் அழைக்காமலே பல நிரல்கள் வந்து நிற்கின்றன. அரட்டைச் செயலி ஒன்று தன் சாளரத்தை விரிக்கிறது. பிரின்டர் மென்பொருள் மை குறைந்துவிட்டதாக அறிவிக்கிறது. எப்போதோ நீக்கிவிட்ட ஒரு நிரலின் பெயரில் பிழைச்செய்தி எழுகிறது. இவை அடங்கி, ஒரு கோப்பைத் திறக்க முடிகிற நிலைக்கு வருவதற்குள் சில நிமிடங்கள் கரைந்துவிடுகின்றன. வேறு சிலருக்கு நேர்மாறான குறை: தானாகக் கிளம்ப வேண்டிய நிரல் கிளம்புவதில்லை. இரண்டுக்கும் காரணம் தேட வேண்டிய இடங்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

விண்டோஸில் ஒரு நிரல் தானாகக் கிளம்புவதற்கு ஒரே ஓர் இடம் என்று கிடையாது. ஸ்டார்ட்அப் கோப்புறை, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தளம்) உள்ள ரன் பதிவுகள், குறித்த தருணத்தில் பணிகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், அந்தந்த நிரலின் சொந்த அமைப்புகள், முன்பு திறந்திருந்தவற்றை மீண்டும் திறக்கும் விண்டோஸின் வசதி என்று குறைந்தது ஆறு இடங்கள் உண்டு. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் ஒரு நிரலை டிசேபிள் செய்த, அதாவது அணைத்த பிறகும் அது மறுநாள் வந்து நிற்கிறதென்றால், பெரும்பாலும் நாம் தொட்ட இடம் ஒன்று, அது கிளம்பும் இடம் வேறொன்று. ஆகவே எதையும் அணைப்பதற்கு முன்னால் அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

கீழே சொல்லப்படுபவை விண்டோஸ் 11-க்கும் விண்டோஸ் 10-க்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டாலும், அது ஓடும் மடிக்கணினிகள் இன்னும் ஏராளமாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. இரண்டிலும் வேறுபடும் இடங்களை மட்டும் தனியே குறிப்பிடுகிறேன்.

தாமதம் உண்மையில் எங்கே இருக்கிறது?

"கணினி மெதுவாகத் துவங்குகிறது" என்பது ஒரே புகார் போலத் தோன்றினாலும், பொத்தானை அழுத்தியதிலிருந்து நிறுவனச் சின்னம் மறையும் வரையிலான நேரம், அதிலிருந்து உள்நுழைவுத் திரை வரும் வரையிலான நேரம், உள்நுழைந்த பின் டெஸ்க்டாப் சொன்னபடி கேட்கத் தொடங்கும் வரையிலான நேரம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு சங்கதிகள். தானாகக் கிளம்பும் நிரல்கள் பெரும்பாலும் மூன்றாவது பகுதியைத்தான் பாதிக்கின்றன. முதல் பகுதியில் நேரம் போகிறதென்றால் ஸ்டார்ட்அப் பட்டியலில் எத்தனை பெயர்களை அணைத்தாலும் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

முதல் பகுதியை அளக்க ஓர் எளிய வழி உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் 11 எனில் இடப்பக்கத்தில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பகுதிக்கும், விண்டோஸ் 10 எனில் ஸ்டார்ட்அப் என்ற தத்தலுக்கும் (டேப்) செல்லுங்கள். வலப்பக்க மேல்மூலையில் லாஸ்ட் பயாஸ் டைம் என்று நொடிகளில் ஓர் எண் இருக்கும். விண்டோஸ் தன் வேலையைத் தொடங்குவதற்கு முன் மதர்போர்டில் பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் எடுத்துக்கொண்ட நேரம் அது. அந்த எண் மிகப் பெரிதாக இருந்தால், செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க், டாக் போன்றவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை துவக்கிப் பாருங்கள்.

மற்ற இரண்டு பகுதிகளுக்கு, கணினியில் நடந்தவற்றின் பதிவேடுகளைக் காட்டும் இவென்ட் வியூவர் பெரிதும் உதவும். பலர் அதைத் திறந்து, அதில் குவிந்திருக்கும் சிவப்புக் குறிகளைக் கண்டு மிரண்டு மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது ஒரே ஒரு பதிவேடுதான். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்ற வரிசையில் இறங்கிச் சென்றால், ஒவ்வொரு துவக்கமும் எவ்வளவு நேரம் பிடித்தது என்பது 100 என்ற நிகழ்வு எண்ணில் மில்லி நொடிகளில் பதிவாகியிருக்கும். வழக்கத்தைவிடத் தாமதித்த நிரல்கள் 101 என்ற எண்ணிலும், வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் 102 என்ற எண்ணிலும், சர்வீஸ்கள் 103 என்ற எண்ணிலும் பெயருடன் குறிக்கப்பட்டிருக்கும். 100-ஆம் எண் நிகழ்வின் டீடெய்ல்ஸ் பகுதியைத் திறந்தால், டெஸ்க்டாப் தோன்றும் வரை ஆன நேரமும் அதன்பின் எல்லாம் அடங்கும் வரை ஆன நேரமும் தனித்தனியே தெரியும். பின்னதுதான் பெரிதாக இருக்கிறதென்றால் தானாகக் கிளம்பும் நிரல்கள்மீது சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி உள்ளது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. நம்முடைய உள்நுழைவு மட்டும் முடித்துவைக்கப்பட்டு, விண்டோஸின் கருப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்தமுறை அங்கிருந்து மீட்டெடுக்கப்படுகின்றன. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்து அப் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் இரவில் அணைக்கும் கணினியில் அது பல நாட்களைக் காட்டினால் காரணம் இதுதான். எனவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். ஷட் டவுன் கொடுத்துத் திரும்பத் துவக்கிச் சோதித்தால் சர்வீஸ்களிலும் டிரைவர்களிலும் நாம் செய்த மாற்றம் வேலை செய்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

டாஸ்க் மேனேஜரைச் சரியாகப் படித்தல்

ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே ஸ்டார்ட்அப் இம்பாக்ட் என்ற நெடுவரிசையில் ஹை, மீடியம், லோ என்ற குறிப்புகள் இருக்கும். துவக்கத்தில் 1 நொடிக்கு மேல் சிபியு நேரத்தையோ 3 மெகாபைட்டுக்கு மேல் வட்டுப் பயன்பாட்டையோ எடுத்துக்கொள்ளும் நிரல் ஹை என்றும், இரண்டிலுமே 300 மில்லி நொடி, 300 கிலோபைட் என்ற அளவுக்குக் கீழே இருப்பது லோ என்றும், இடைப்பட்டது மீடியம் என்றும் வகைப்படுத்தப்படுகிறது. இன்றைய எஸ்எஸ்டி வட்டுக்கு 3 மெகாபைட் ஒரு பொருட்டே அல்ல என்பதால், ஹை என்ற சொல்லைக் கண்டதும் பதறத் தேவையில்லை. 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட பழைய மடிக்கணினியில் அதே குறிப்புக்கு நிறையப் பொருள் உண்டு.

நெடுவரிசைகளின் தலைப்பில் வலச்சொடுக்கு செய்தால் இன்னும் பல நெடுவரிசைகளைச் சேர்க்கலாம். அவற்றுள் கமாண்ட் லைன் என்பதை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிரல் வட்டில் எந்தக் கோப்பிலிருந்து, எந்தக் கட்டளையுடன் கிளம்புகிறது என்பதை அது அப்படியே காட்டும். ஸ்டார்ட்அப் டைப் என்ற நெடுவரிசையைச் சேர்த்தால், பதிவு ரெஜிஸ்ட்ரியில் உள்ளதா ஸ்டார்ட்அப் கோப்புறையில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் பலரைக் குழப்பும் ஒரு பெயர் உண்டு. படம் ஏதுமில்லாமல், வெளியீட்டாளர் பெயரும் இல்லாமல், வெறுமனே ப்ரோகிராம் என்று ஒரு வரி நிற்கும். வைரஸ் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நிரல் ஒன்றை நீக்கும்போது அதன் துவக்கப் பதிவு மட்டும் விடுபட்டுப் போயிருக்கும். அந்தப் பதிவில் கோப்பின் பாதை மேற்கோள் குறிகளுக்குள் இடப்படாமலும் இருக்கும். பெரும்பாலான மென்பொருள்கள் ப்ரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறையில் நிறுவப்படுகின்றன. அந்தப் பெயரின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. கோப்பு இல்லாத நிலையில் விண்டோஸ் அந்த இடைவெளியோடு பெயரை வெட்டிவிட, ப்ரோகிராம் என்ற முதல் சொல் மட்டும் பட்டியலில் தொங்குகிறது. கமாண்ட் லைன் நெடுவரிசையைப் பார்த்தால் அது எந்த மென்பொருளின் மிச்சம் என்பது முழுதாகத் தெரியும். அதை டிசேபிள் செய்வதே போதும். பட்டியலிலிருந்தே அகற்ற விரும்பினால் பின்னால் சொல்லப்படும் ஆட்டோரன்ஸ் மூலம் அகற்றலாம்.

ஒரு பெயரை அணைக்க, அதன்மீது வலச்சொடுக்கு செய்து டிசேபிள் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது பதிவை அழிப்பதில்லை. அணைக்கப்பட்டது என்ற குறிப்பை மட்டும் ரெஜிஸ்ட்ரியில் வேறோர் இடத்தில் எழுதி வைக்கிறது. ஆகவே எப்போது வேண்டுமானாலும் எனேபிள் கொடுத்து பழைய நிலைக்குத் திரும்பலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவின் கீழுள்ள ஸ்டார்ட்அப் பக்கமும் இதே வேலையைச் செய்கிறது. அங்கே பொத்தானைத் தள்ளினால் போதும் என்றாலும், கோப்பின் பாதை தெரியாது என்பதால் சிக்கலை ஆராய டாஸ்க் மேனேஜரே மேலானது.

எதை விட்டுவைப்பது?

எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் கணினி பறக்கும் என்று சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. அவற்றைப் பின்பற்றியவர்கள் சில நாட்களில் டச்பேடில் இரு விரல் உருட்டல் வேலை செய்யவில்லை, ஒலியைக் கூட்டும் விசை திரையில் ஒன்றும் காட்டவில்லை என்று தேடத் தொடங்குகிறார்கள். சினாப்டிக்ஸ், எலன் போன்ற டச்பேடு நிரல்கள், ரியல்டெக் ஒலி நிரல்கள், மடிக்கணினி நிறுவனத்தின் ஹாட்கீ நிரல் ஆகியவை பட்டியலில் இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான் என்பது பணிப்பட்டையில் தெரியும் கேடயச் சின்னம் மட்டுமே. அதை அணைத்தால் பாதுகாப்பு நின்றுவிடாது, ஆனால் அணைப்பதால் கிடைக்கும் பயனும் ஒன்றுமில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்றவை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் விசைகளைத் தமிழாக மாற்றித் தரும். பெயர் தெரியாத நிரல் என்று நினைத்து அவற்றை அணைத்துவிட்டு, தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று மென்பொருளையே நீக்கி மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் அலுவலகங்களில் அந்த டோக்கனுக்கான நிரலும் இதே வகையைச் சேர்ந்தது.

தயக்கமின்றி அணைக்கக்கூடியவை எவை என்றால், இசைச் செயலிகள், விளையாட்டுக் கடைகளின் லாஞ்சர்கள், வீடியோ கூட்டச் செயலிகள், பிடிஎஃப் மென்பொருள்களின் அப்டேட்டர்கள், பிரின்டரின் மை நிலவரம் சொல்லும் நிரல்கள் ஆகியவை. இவற்றைத் தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் மட்டும் யோசித்து முடிவெடுக்க வேண்டும்: அவை கிளம்பாவிட்டால் கோப்புகள் மேகத்தில் சேமிக்கப்படுவது நின்றுபோகும், அதை நாம் உடனே உணரவும் மாட்டோம்.

அணைத்தும் திரும்பி வருபவை

டிசேபிள் செய்த பின்னும் திரும்ப வரும் நிரல்களில் பெரும்பகுதிக்கு மூன்று காரணங்கள்தாம். முதலாவது, நிரலின் உள்ளேயே விண்டோஸுடன் துவங்கு என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை நீக்காவிட்டால், அடுத்த அப்டேட்டின்போது நிரல் தன் பதிவைப் புதிதாக எழுதிக்கொள்ளும். எனவே எந்த நிரலானாலும் முதலில் அதன் சொந்த செட்டிங்ஸில் அணைத்துவிட்டு, அங்கே தேர்வு இல்லாவிட்டால் மட்டும் டாஸ்க் மேனேஜருக்கு வருவது நல்லது. குரோம் உலாவியில் சிஸ்டம் பகுதியிலும், எட்ஜ் உலாவியில் சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலும், உலாவியை மூடிய பிறகும் பின்னணி நிரல்கள் ஓடலாம் என்ற தேர்வு உள்ளது. எட்ஜில் ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்ற இன்னொன்றும் உண்டு. உலாவியைத் திறக்காமலே அதன் பெயர் டாஸ்க் மேனேஜரில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இவைதான் காரணம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று சென்றால், மறுதுவக்கத்துக்குத் தகுந்த செயலிகளைத் தானாகச் சேமித்து, மீண்டும் உள்நுழையும்போது திறக்கவேண்டும் என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால், அணைக்கும்போது திறந்திருந்த உலாவி முதலியவை ஸ்டார்ட்அப் பட்டியலில் இடம்பெறாமலே திரும்பத் திறக்கும். கோப்புறைச் சாளரங்கள் திரும்பத் திறந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ தத்தலைத் திறந்து, முந்தைய கோப்புறைச் சாளரங்களை உள்நுழையும்போது மீட்டெடு என்ற பொருள்படும் வரியின் குறியை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, அந்த நிரல் டாஸ்க் மேனேஜரின் பட்டியலுக்கே வராத இடத்திலிருந்து கிளம்புகிறது.

பட்டியலில் தெரியாத இடங்கள்

ஸ்டார்ட்அப் கோப்புறையை முதலில் பார்ப்போம், எளிதானது அதுதான். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் ரன் பெட்டியில் ஷெல் என்ற சொல்லையும், முக்காற்புள்ளியையும், ஸ்டார்ட்அப் என்ற சொல்லையும் இடைவெளியின்றி ஆங்கில எழுத்துகளில் இட்டு என்டர் கொடுத்தால் நம் பயனர் கணக்குக்கான கோப்புறை திறக்கும். முக்காற்புள்ளிக்குப் பின் காமன் என்ற சொல்லைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு ஸ்டார்ட்அப் என்று இட்டால் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான கோப்புறை திறக்கும். உள்ளே இருக்கும் குறுக்குவழிகளில் வேண்டாதவற்றை அழிப்பதற்குப் பதிலாக, டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறை உருவாக்கி அதில் நகர்த்தி வைத்தால், தவறு நேர்ந்தாலும் மீட்டுக்கொள்ளலாம்.

டாஸ்க் ஷெட்யூலரில்தான் அப்டேட்டர்கள் அதிகம் ஒளிந்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டச்சு செய்து திறந்து, இடப்பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி என்பதைச் சொடுக்குங்கள். நடுவில் வரும் பட்டியலில் ட்ரிகர்ஸ் என்ற நெடுவரிசையில், உள்நுழையும்போது அல்லது கணினி துவங்கும்போது ஓடும் என்ற பொருளில் குறிப்பிருக்கும் பணிகளை மட்டும் பாருங்கள். உள்நுழைந்ததும் கறுப்புச் சாளரம் ஒன்று மின்னி மறைவதாகப் பலர் கூறுவதற்குப் பெரும்பாலும் இங்குள்ள ஏதாவது ஒரு பணியே காரணம். லாஸ்ட் ரன் டைம் என்ற நெடுவரிசையில் உள்ள நேரத்தை, சாளரம் மின்னிய நேரத்துடன் ஒப்பிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் என்ற உட்கோப்புறைக்குள் இருக்கும் விண்டோஸின் சொந்தப் பணிகளில் கைவைக்க வேண்டாம்.

சர்வீஸ்களைப் பொறுத்தவரை என் கருத்து, அவற்றைத் தேவையின்றித் தொடாமல் இருப்பதே மேல் என்பதுதான். ஒரு மூன்றாம் தரப்பு சர்வீஸ்தான் தாமதத்துக்குக் காரணம் என்று 103-ஆம் எண் நிகழ்வின் வழியே உறுதியாகத் தெரிந்தால், அதன் ஸ்டார்ட்அப் டைப்பை ஆட்டோமேட்டிக் என்பதிலிருந்து ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட் என்பதற்கு மாற்றுங்கள். அப்போது மற்ற சர்வீஸ்கள் கிளம்பி முடித்த பிறகே அது தொடங்கும். டிசேபிள் என்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இவ்வளவு இடங்களையும் தனித்தனியே தேடுவது அலுப்பூட்டும் என்பதால், அவை அனைத்தையும் ஒரே சாளரத்தில் காட்டும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது அது. 2006-இல் அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே கிடைக்கிறது. வேறு எந்தத் தளத்திலிருந்தும் அதை இறக்க வேண்டாம். நிறுவத் தேவையில்லை, ஜிப் கோப்பை விரித்து, நிரல்மீது வலச்சொடுக்கு செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போதும்.

திறந்ததும் ஆயிரக்கணக்கில் வரிகள் ஓடும். ஆப்ஷன்ஸ் பட்டியலில் ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மைக்ரோசாஃப்டுக்கு உரியவை மறைந்து, மற்றவர்கள் சேர்த்தவை மட்டும் எஞ்சும். மஞ்சள் நிறத்தில் உள்ள வரி, பதிவு இருக்கிறது ஆனால் அது சுட்டும் கோப்பு வட்டில் இல்லை என்பதைக் குறிக்கிறது. இளஞ்சிவப்பு நிற வரிக்கு, வெளியீட்டாளர் யார் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்று பொருள். இளஞ்சிவப்பாக இருப்பதெல்லாம் தீங்கானவை அல்ல; சிறு நிறுவனங்கள் பலவும் டிஜிட்டல் கையொப்பம் இடாமலே மென்பொருளை வெளியிடுகின்றன. ஒரு வரியின் முன்னுள்ள கட்டத்தில் குறியை எடுத்தால் அது அணையும். மீண்டும் இட்டால் திரும்ப வரும். டெலிட் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. ஆகவே முதலில் குறியை மட்டும் எடுத்துவிட்டு, சில நாட்கள் குறையின்றி ஓடிய பிறகு அழிப்பதே முறை. எதையும் மாற்றுவதற்கு முன் ஃபைல் பட்டியலில் உள்ள சேவ் கட்டளையால் இப்போதைய நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டால், பிறகு கம்பேர் கட்டளை மூலம் புதிதாக நுழைந்தது எது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

துவங்கியதும் எழும் பிழைச்செய்திகள்

குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்று ரன்டிஎல்எல் என்ற தலைப்பில் ஒரு பெட்டி எழுந்தால், நீக்கப்பட்ட மென்பொருளின் துவக்கப் பதிவு எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று பொருள். பெட்டியில் உள்ள கோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஆட்டோரன்ஸின் தேடும் பெட்டியில் இட்டால் அந்த மஞ்சள் வரி கிடைத்துவிடும். அதன் குறியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். விடுபட்ட கோப்பை இணையத்தில் தேடி இறக்கி அதே இடத்தில் வைக்கச் சொல்லும் அறிவுரைகளை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற தலைப்பில், ஸ்கிரிப்ட் கோப்பைக் காணவில்லை என்று செய்தி வந்தால் சற்றுக் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஜெராக்ஸ் கடையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ செருகிய பென் டிரைவ் வழியாகப் பரவும் ஷார்ட்கட் வைரஸ்கள் பல இவ்வகை ஸ்கிரிப்ட்டாகவே வந்து, ரன் பதிவிலும் ஸ்டார்ட்அப் கோப்புறையிலும் தம்மைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆன்டிவைரஸ் கோப்பை மட்டும் அழித்துவிட, பதிவு அநாதையாகச் செய்தி காட்டிக்கொண்டிருக்கும். பதிவை நீக்குவதோடு நில்லாமல், விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டுங்கள். கணினி மறுதுவக்கமாகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதனை நடக்கும். அத்துடன் ஆட்டோரன்ஸில், உள்நுழைவைக் கையாளும் வின்லாகன் பதிவுகளையும் பாருங்கள்: ஷெல் என்பதற்கு எதிரே எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரு நிரல் மட்டும், யூசர்இனிட் என்பதற்கு எதிரே சிஸ்டம்32 கோப்புறையில் உள்ள யூசர்இனிட் நிரல் மட்டும் இருக்க வேண்டும். அவற்றோடு வேறு ஏதாவது பெயர் ஒட்டியிருந்தால் அது அலுவலக நிர்வாகி வேண்டுமென்று சேர்த்ததா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அது தீங்குநிரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எது என்றே தெரியாதபோது: க்ளீன் பூட்

மேலே சொன்ன எதிலும் குற்றவாளி அகப்படாவிட்டால், எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் சிறுகச் சிறுகத் திறக்க வேண்டும். ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டு, சர்வீசஸ் தத்தலில் முதலில் ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ் என்ற கட்டத்தில் குறியிட்டு, அதன் பிறகே டிசேபிள் ஆல் கொடுங்கள். இந்த வரிசை முக்கியம்; முதல் குறியை இடாமல் இரண்டாவதை அழுத்தினால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் நின்றுவிடும். பிறகு டாஸ்க் மேனேஜரில் எஞ்சிய ஸ்டார்ட்அப் பெயர்களையும் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஏற்கெனவே அணைந்திருந்தவை எவை என்பதை ஒரு தாளில் எழுதியோ கைபேசியில் படமெடுத்தோ வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நிலையில் சிக்கல் மறைந்துவிட்டால், அணைத்தவற்றில் பாதியை மட்டும் திறந்து மீண்டும் துவக்குங்கள். சிக்கல் திரும்பினால் அது திறந்த பாதியில் இருக்கிறது. திரும்பாவிட்டால் மற்ற பாதியில் இருக்கிறது. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், 16 சர்வீஸ்கள் இருந்தாலும் நான்கு மறுதுவக்கங்களில் ஒன்றில் வந்து நின்றுவிடலாம். முடிந்ததும் எம்எஸ்கான்ஃபிக்கின் ஜெனரல் தத்தலில் நார்மல் ஸ்டார்ட்அப் கொடுக்க மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்த பின்னும் தாமதம் அப்படியே இருக்கிறதென்றால், காரணம் நிரல்களில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கொண்ட மடிக்கணினியாக இருந்தால், ஸ்டார்ட்அப் பட்டியலோடு மல்லுக்கட்டுவதைவிட ஓர் எஸ்எஸ்டி பொருத்துவதே பயன் தரும்.

ஏதோ ஒரு நிரல் கிளம்பி, டெஸ்க்டாப்பையே உறைய வைத்துவிடுகிறது என்றால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குச் செல்ல வேண்டும். உள்நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி பவர் சின்னத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்று 4 என்ற எண்ணை அழுத்துங்கள். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் உள்ள மடிக்கணினிகளில் இந்த வழியில் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு கருவியிலிருந்து முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் ரன் பதிவுகள் ஓடுவதில்லை என்பதால் நிதானமாக உட்கார்ந்து சந்தேகத்துக்குரிய நிரலை அணைக்க முடியும்.

வேண்டியது கிளம்பாவிட்டால்

நிரலை ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டும் கிளம்பவில்லை என்றால், டாஸ்க் மேனேஜரில் அது டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏதோ ஒரு நாள் நாமே அணைத்து மறந்திருப்போம். அப்படி இல்லையென்றால், அந்த நிரல் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும் வகையைச் சேர்ந்ததா என்று கவனியுங்கள். அத்தகைய நிரல்களை ஸ்டார்ட்அப் கோப்புறையிலிருந்தோ ரன் பதிவிலிருந்தோ விண்டோஸ் கிளம்ப விடுவதில்லை. அவற்றுக்கு டாஸ்க் ஷெட்யூலரில் க்ரியேட் டாஸ்க் கொடுத்து, ஜெனரல் தத்தலில் ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ் என்ற கட்டத்தில் குறியிட்டு, ட்ரிகர்ஸ் தத்தலில் அட் லாக் ஆன் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆக்‌ஷன்ஸ் தத்தலில் நிரலின் கோப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். அட் ஸ்டார்ட்அப் என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுனுக்குப் பிறகு அந்தப் பணி ஓடாமல் போவதுண்டு.

மடிக்கணினிக்கே உரிய ஒரு தடையும் இங்கே உண்டு. புதிதாக உருவாக்கும் எந்தப் பணிக்கும், கண்டிஷன்ஸ் தத்தலில் கணினி மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற வரியில் ஏற்கெனவே குறி இடப்பட்டிருக்கும்; அதன் கீழே, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற வரியிலும் குறி இருக்கும். வீட்டில் சார்ஜர் செருகியிருக்கும்போது ஒழுங்காகக் கிளம்பும் நிரல், அலுவலகத்திலோ வகுப்பறையிலோ பேட்டரியில் துவக்கும்போது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதற்கு இந்த இரண்டு குறிகளே காரணம். இரண்டையும் எடுத்துவிடுங்கள். நிரலுக்கு வைஃபை இணைப்போ நெட்வொர்க் டிரைவோ தேவைப்படுமானால், ட்ரிகரைத் திருத்தும் சாளரத்தில் டிலே டாஸ்க் ஃபார் என்பதில் 30 நொடி அல்லது 1 நிமிடம் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் இணைப்பு கிடைத்த பிறகே அது கிளம்பும். பணியைச் சேமித்ததும் அதன்மீது வலச்சொடுக்கு செய்து ரன் கொடுத்து, நிரல் திறக்கிறதா என்று உடனே பார்த்துக்கொண்டு, பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து சோதியுங்கள்.